ஷாங்காயில் 431 வேகத்தில் மிதந்து போனேன், பட்டர்வொர்த்துக்கு ஏன் அப்படி ஒன்று வரவில்லை?

செந்தூல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, இங்கே விவரம் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

2018-இல் வேலை விஷயமாக ஷாங்காய் போனபோது பூடோங் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் காந்த ரயிலில் ஏறினேன். 30 கிலோமீட்டர் தூரம், எட்டு நிமிடத்தில் இறக்கிவிட்டுவிட்டார்கள். கதவுக்கு மேலே இருக்கும் பலகையில் வேகம் ஓடிக்கொண்டே இருக்கிறது, 200, 300, 400, கடைசியில் மணிக்கு 431 கிலோமீட்டர். அந்த 431 ஒரு நிமிடம் நின்றிருந்தால் அதிகம், உடனே குறைய ஆரம்பித்துவிட்டது. நடுவில் எதிர்ப்பாதையில் இன்னொரு ரயில் கடந்தது. பார்த்தேன் என்று சொல்ல முடியாது, ஜன்னல் தொப்பென்று ஒரு அடி வாங்கியது, நான் தலையைத் திருப்புவதற்குள் எதிரே வெறும் வயல்தான் இருந்தது. அந்த ஓர் அடி இன்னும் காதில் இருக்கிறது.

அம்மா பினாங்கில், பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பிறை என்ற ஊரில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து (கேஎல்) இடிஎஸ் மின்ரயிலைப் பிடித்துப் போய்வருகிறேன், பட்டர்வொர்த் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகிறது. தைப்பூசம் வந்தால் டிக்கெட்டே கிடைக்காது. போன வாரம் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது பதினைந்து வயது மகன் கேட்டான், அப்பா, ஜப்பான்காரன் 603 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டிவிட்டான், அப்புறம் ஏன் உலகம் முழுக்க அதைப் போடவில்லை என்று. எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. 'காசு அதிகம்' என்று சொன்னேன். எதற்கு அதிகம் என்று திருப்பிக் கேட்டான்.

அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். ரயில் மிதப்பது எப்படி, அதில் கஷ்டம் எங்கே இருக்கிறது, கேஎல்லிலிருந்து பினாங்குப் பக்கம் அப்படி ஒன்று போட முடியுமா?

---

இரவுப்பணி எழுதியது:

தம்பி, மகனை நல்ல கேள்வி கேட்க வைத்திருக்கிறீர்கள். நான் கேஎல்லின் எல்ஆர்டி நகர ரயில் பராமரிப்பில் பல வருடம் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மிதப்பதைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், ரயிலை எது தள்ளுகிறது என்பதை நான் சொல்கிறேன். அதைப் பார்க்க ஷாங்காய் போக வேண்டியதில்லை, இங்கேயே இருக்கிறது.

1998-இல் திறந்த நம் கெலானா ஜெயா பாதையில் ஓடும் ரயிலின் சக்கரத்தை எந்த மோட்டாரும் சுற்றுவதில்லை. சக்கரம் எடையைத் தாங்குவதோடு சரி. வண்டிக்கு அடியில் தட்டையாக ஒரு மோட்டார் தொங்கும், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஓர் உலோகப் பட்டை நீளமாக ஓடும், மேலே அலுமினியம், அடியில் இரும்பு. பாயைச் சுருட்டி வைத்தால் உருளை, விரித்தால் தட்டை, இல்லையா? சாதாரண மோட்டார் சுருட்டிய பாய், இது விரித்த பாய். உள்ளே சுற்ற வேண்டிய காந்தப் புலம் நேராக ஓடுகிறது, அந்த ஓட்டம் பட்டையில் மின்சாரத்தைத் தூண்டுகிறது, பட்டை எதிர்த்துத் தள்ள வண்டி முன்னே போகிறது. மழையில் தண்டவாளம் வழுக்கினாலும் கவலை இல்லை, சக்கரம் பிடித்துத்தான் ஏற வேண்டும் என்பதே இல்லையே.

மோட்டாருக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இரவு ஒரு மணிக்கு மேல் மின்சாரத்தை நிறுத்திய பிறகு கைவிளக்கோடு பாதையில் நடந்து நடந்து அந்தப் பட்டை எங்காவது தூக்கியிருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. இடைவெளி கூடினால் இழுவை குறைந்து மின்சாரம் வீணாகும், குறைந்தால் உரசும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கே எங்களுக்கு அவ்வளவு பாடு.

மேக்லெவ் என்கிற இந்தக் காந்த ரயிலில் இதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். இங்கே மோட்டார் வண்டியில், பட்டை தரையில். ஷாங்காயிலும் ஜப்பானிலும் மோட்டாரின் சுருள் முழுக்கப் பாதையிலேயே பதிந்திருக்கிறது, வண்டியில் இருப்பது காந்தம் மட்டும். 400, 500 வேகத்தில் போகிற வண்டிக்கு அத்தனை மின்சாரத்தைக் கம்பியில் உரசி உரசிக் கொடுப்பது பெரும்பாடு என்பதால் மோட்டாரையே தரையில் வைத்துவிட்டார்கள். அதனால்தான் வண்டி லேசாகவும் வேகமாகவும் இருக்கிறது. ஆனால் பாதையின் ஒவ்வொரு மீட்டரும் மோட்டார். 300 கிலோமீட்டர் பாதை என்றால் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு மோட்டார் வாங்க வேண்டும். உங்கள் மகன் கேட்ட 'எதற்கு அதிகம்' என்பதற்கு என் பதில் இதுதான்.

---

ஜெலுத்தோங் டீச்சர் எழுதியது:

ஐயா சொன்னதற்குப் பிறகு மிதக்கும் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஐந்தாம் படிவத்துக்கு இயற்பியல் நடத்துகிறேன்.

பிள்ளைகள் எல்லாரும் முதலில் நினைப்பது, இரண்டு காந்தத்தை எதிரெதிராக வைத்தால் தள்ளும், அதன் மேல் வண்டியை வைத்தால் மிதக்கும் என்று. வீட்டில் செய்து பாருங்கள், மேலே வைக்கும் காந்தம் பக்கவாட்டில் நழுவும், இல்லை புரண்டு ஒட்டிக்கொள்ளும். நிலைக் காந்தங்களை எப்படி அடுக்கினாலும் நிலையாக மிதக்க வைக்க முடியாது என்று 1842-லேயே எர்ன்ஷா கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆகவே மேக்லெவ் என்றால் இந்தத் தடையைச் சுற்றிப் போக ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். இரண்டு வழி கண்டுபிடித்தார்கள்.

ஷாங்காயில் ஓடுவது ஜெர்மன் வழி, டிரான்ஸ்ராபிட். ஹெர்மான் கெம்பர் 1934-இல் காப்புரிமை வாங்கிய யோசனையிலிருந்து வளர்ந்தது. அது தள்ளுவதில்லை, இழுக்கிறது. வண்டியின் கை பாதையின் விளிம்பைச் சுற்றிக் கீழே போகிறது, அங்கே இருக்கும் மின்காந்தம் மேலே உள்ள இரும்பை நோக்கி இழுபட்டு வண்டியைத் தூக்குகிறது. ஆனால் காந்தம் இரும்பை நெருங்க நெருங்க இழுப்பு கூடும், விட்டால் ஒட்டிக்கொள்ளும்; கொஞ்சம் விலகினால் இழுப்பு குறையும், விழுந்துவிடும். நுனிவிரலில் துடைப்பக்கட்டையை நிறுத்திப் பிடிப்பதுபோலத்தான். அதனால் இடைவெளியை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து, மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரு சென்டிமீட்டரில் நிறுத்தி வைக்கிறார்கள். நீங்கள் 431-இல் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு அடியில் இந்த வேலை ஒரு கணம்கூட நிற்காமல் நடந்துகொண்டிருந்தது.

ஜப்பான் வழி வேறு. அதற்கு வகுப்பில் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஏர்கான் மாட்டுபவரிடம் ஒரு மீட்டர் செம்புக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன், அதை நேராகப் பிடித்துக்கொண்டு முதலில் ஒரு சின்ன இரும்புத் துண்டைப் போடுவேன், டக்கென்று கீழே விழும். அப்புறம் அதே அளவு நியோடிமியம் காந்தம். போட்டதும் வகுப்பே அமைதியாகிவிடும், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள், குழாயின் மேல் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தால் காந்தம் குழாயைத் தொடாமல் நடுவிலேயே மெதுவாக இறங்கிப் போவது தெரியும். செம்பு காந்தமே இல்லை. ஆனால் காந்தம் நகரும்போது செம்பில் மின்சாரம் பிறக்கிறது, அந்த மின்சாரம் உண்டாக்கும் காந்தப் புலம் வருகிற காந்தத்தை எதிர்க்கிறது. ஜப்பானில் பாதையின் இரண்டு பக்கச் சுவர்களிலும் எட்டு வடிவில் சுருள்கள் இருக்கின்றன, வண்டியின் காந்தம் கடக்கும்போது அதில் மின்சாரம் பிறந்து கீழ்ப்பாதி தள்ளுகிறது, மேல்பாதி இழுக்கிறது. வண்டி கொஞ்சம் தாழ்ந்தால் தள்ளல் தானாகக் கூடும், கணினி எதுவும் தேவையில்லை. இடைவெளியும் தாராளம், ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். நிலநடுக்கம் வரும் நாட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் போதாது என்பதும் அவர்கள் இந்த வழியைப் பிடித்ததற்கு ஒரு காரணம்.

அதற்கும் விலை உண்டு. அவ்வளவு பலமான காந்தம் வேண்டுமென்றால் மீக்கடத்தி, அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் பொருள் வேண்டும், நியோபியம் டைட்டானியம் கம்பியைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்து, அந்தக் குளிர்பதனப் பெட்டியையே ஓடுகிற வண்டியில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நகர்ந்தால்தான் மின்சாரம் பிறக்கும் என்பதால் 150 கிலோமீட்டர் வேகம் வரும்வரை வண்டி ரப்பர் சக்கரத்தில்தான் ஓடும். 1979 டிசம்பரில் மியாசாக்கியில் 517-ஐத் தொட்டார்கள். 2015 ஏப்ரல் 21-ஆம் தேதி யாமனாஷி சோதனைப் பாதையில் 603. நடுவில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல். அந்த வருடங்களில் பெரும்பகுதி வேகத்துக்குப் போகவில்லை, மீக்கடத்தி நடுவழியில் குளிர் இழந்து செயல் விட்டுவிடாமல் நம்பகமாக ஆக்குவதற்கே போனது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது அந்தப் பொறுமைதான்.

---

செந்தூல்வாசி எழுதியது:

டீச்சர், ஐயா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மகனுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். உடனே அவன் கேட்டது, ஓடும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? விபத்து நடந்திருக்கிறதா?

---

ஜெலுத்தோங் டீச்சர் எழுதியது:

கரண்ட் போனாலும் ஜப்பான் வண்டியின் மீக்கடத்தியில் மின்சாரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், வேகம் குறையக் குறைய மெல்ல சக்கரத்தில் இறங்கும். டிரான்ஸ்ராபிட்டில் வண்டிக்குள் பேட்டரி உண்டு, நிற்கும்வரை மிதக்க வைக்கும்.

விபத்து நடந்திருக்கிறது. 2006 செப்டம்பர் 22, ஜெர்மனியில் லாத்தன் சோதனைப் பாதை. பாதையைச் சுத்தம் செய்யும் வண்டி பாதையிலேயே நின்றிருந்தபோது ரயிலை அனுப்பிவிட்டார்கள், 23 பேர் இறந்தார்கள். காந்தம் தவறவில்லை. ரயில்கள் எல்லாம் பாதையின் காந்த அலையோடுதான் நகரும், ஒரே பகுதியில் இரண்டு ரயில் எதிரெதிராக வர வழியில்லை. ஆனால் அந்தப் பராமரிப்பு வண்டி அந்த அலைக்குக் கட்டுப்பட்டதல்ல, பாதை காலியா என்று சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். அங்கேதான் தவறு நடந்தது. இதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

சுண்ணாம்புப்பாறை எழுதியது:

நான் கட்டுமானப் பக்கம், கேஎல்லில் சுரங்க வேலைகளில் இருந்திருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, கேஎல் பினாங்கு போட முடியுமா என்று. பொறியியல் கேள்வியாகக் கேட்டால் முடியும். ஆனால் என்னென்ன கேட்கும் என்று சொல்கிறேன்.

முதலில் வளைவு. 500 வேகத்துக்கு ஜப்பானில் வைத்திருக்கும் குறைந்தபட்ச வளைவு ஆரம் 8,000 மீட்டர். இப்போது இடிஎஸ் தைப்பிங்குக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் மலையைச் சுற்றி, புக்கிட் பெராப்பிட் சுரங்கத்தில் புகுந்து 3.3 கிலோமீட்டர் போகிறதே, அந்த மாதிரி நெளிவெல்லாம் இங்கே கிடையாது. ஊர் வந்தாலும் மலை வந்தாலும் நேராகப் போக வேண்டும், அதாவது சுரங்கம். ஜப்பானின் டோக்கியோ நகோயா மேக்லெவ் பாதை 286 கிலோமீட்டர், அதில் 86 விழுக்காடு சுரங்கம். 2014-இல் கட்ட ஆரம்பித்து 2027-இல் திறப்பதாக இருந்தார்கள். அந்தத் தேதி கைவிட்டுப் போயிற்று. காந்தமோ மீக்கடத்தியோ காரணம் அல்ல. மலைக்கு அடியில் சுரங்கம் தோண்டினால் ஓய் ஆற்றின் தண்ணீர் வடிந்துவிடும் என்று ஷிசுவோக்கா மாநிலம் பல வருடம் அனுமதி கொடுக்கவில்லை. அந்த மாநிலத்துக்குள் வருவது வெறும் 10.7 கிலோமீட்டர்தான், நிலையம்கூடக் கிடையாது. ஆற்றை நம்பி வாழ்கிறவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம் பக்கம் தோண்டுவது எப்படி என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். கேஎல்லுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, அதற்குள் தண்ணீர் அரித்த குகைகள். ஓர் இடத்தில் துளை போட்டோம், எட்டு மீட்டரில் பாறை கிடைத்தது. நாலடி தள்ளி அடுத்த துளை, முப்பது மீட்டர் போயும் சேறுதான் வந்தது. எம்ஆர்டி நகர ரயில் சுரங்கத்துக்கு இதற்காகவே சேற்றின் அடர்த்தியை மாற்றிக்கொள்ளும் புது வகைத் துளை இயந்திரத்தையே செய்ய வேண்டியிருந்தது. இதில் இன்னொன்று, சுரங்கம் பெரிதாக வேண்டும். 500-இல் வண்டி உள்ளே நுழையும்போது காற்றுக்கு ஒதுங்க இடமில்லாமல் மறுமுனையில் வெடி போட்டதுபோலச் சத்தம் வரும். அதற்காகத்தான் ஜப்பான் வண்டிக்கு 15 மீட்டர் நீளத்தில் மூக்கு வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அல்ல.

அப்புறம் பாயிண்ட். சாதாரண ரயிலில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற இரண்டு தண்டவாள நாக்கை நகர்த்தினால் போதும். டிரான்ஸ்ராபிட்டில் வண்டி பாதையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, ஆகவே எழுபது எண்பது மீட்டரிலிருந்து 150 மீட்டர் வரை நீளமான எஃகு உத்திரத்தையே வளைத்துத்தான் மாற வேண்டும். அதனால் பாயிண்ட் குறைவாக வைப்பார்கள், வைக்காத இடத்தில் ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருவதும் நிற்கும்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதிப்பது இதுதான். பிரான்சின் அதிவேக ரயிலோ சீன ரயிலோ சாதாரணத் தண்டவாளத்தில் ஏறி ஊருக்குள் இருக்கும் பழைய நிலையம்வரை வந்துவிட முடியும், குறைந்தபட்சம் அப்படிக் கட்ட முடியும். மேக்லெவ் வேறு எந்தப் பாதையிலும் ஓடாது, வேறு எந்த ரயிலும் அதில் ஓடாது. கடைசி மீட்டர்வரை கட்டி முடித்தால்தான் முதல் டிக்கெட் விற்கலாம். மியூனிக் விமான நிலையத்துக்கு டிரான்ஸ்ராபிட் போட நினைத்தார்கள், கணக்கு 1.85 பில்லியன் யூரோவிலிருந்து 3 பில்லியனைத் தாண்டியதும் 2008-இல் கைவிட்டார்கள். அந்த ரயிலைச் செய்தவர்களின் சொந்த நாட்டில்.

---

பாகான் ராஜா எழுதியது:

எல்லாம் சரி அண்ணே, ஆனால் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். கேஎல்லிலிருந்து பட்டர்வொர்த் நேராகப் போட்டால் சுமார் 350 கிலோமீட்டர் வைத்துக்கொள்வோம். 350 வேகத்தில் சக்கர ரயில் ஒரு மணி நேரம். 500 வேகத்தில் மேக்லெவ் 42 நிமிடம். வித்தியாசம் 18 நிமிடம், அதுவும் நடுவில் எங்கேயும் நிற்காமல் போனால். ஈப்போ, தைப்பிங் என்று ஒவ்வொரு ஊருக்கும் 500-இலிருந்து இறங்கி நின்று மறுபடி ஏற குறைந்தது நாலு நிமிடம் போகும். ஈப்போக்காரனை விட்டுவிட்டுப் போக முடியுமா?

மின்சாரமும் இருக்கிறது. மிதக்க ஆகும் செலவு சின்னது. காற்றைக் கிழிக்கத்தான் பெரிய செலவு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, அதற்குத் தேவையான திறன் எட்டு மடங்கு. சக்கரத்தை எடுத்துவிட்டாலும் காற்று போய்விடாது. பிரான்சில் 2007-இல் சக்கர ரயிலையே 574.8 வரை ஓட்டிக் காட்டினார்கள், ஆனாலும் பயணிகளோடு 320-இல்தான் ஓட்டுகிறார்கள். ஷாங்காயும் 2021-இலிருந்து 431-ஐ விட்டு 300-இல் ஓடுகிறது.

நம்மிடம் 350 வேக ரயிலே இன்னும் இல்லை. சிங்கப்பூருக்கு 90 நிமிடத்தில் போகும் அதிவேக ரயிலுக்கு 2016-இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது, 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கட்டினோம். ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் 140-இல் ஓடும் இடிஎஸ்ஸில் பெட்டியைக் கூட்டி, நேரத்தைக் கூட்டி விட்டாலே தைப்பூசத்துக்கு எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் நின்று தவிக்க மாட்டார்கள். நான் மேக்லெவுக்கு எதிரி இல்லை. எனக்கு முதலில் டிக்கெட் வேண்டும்.

---

இரவுப்பணி எழுதியது:

ராஜா தம்பி சொன்ன 18 நிமிடக் கணக்கை நான் ஏற்றுக்கொள்கிறேன், நம் தூரத்துக்கு அதுதான் உண்மை. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரமும் தண்டவாளமும் ஒன்றை ஒன்று தின்னும். இரவு இரவாகத் தண்டவாளத்தைச் சாணை பிடித்தவன் நான், இரும்புத்தூள் மூக்குக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். தொடாமல் ஓடும் ஒரு வண்டி, தேயாத ஒரு பாதை என்பது பராமரிப்புக்காரனுக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. வேகத்தை விட்டுவிட்டு அந்த ஆசைக்காக மட்டும் கட்டியவர்களும் உண்டு. நகோயா பக்கம் லினிமோ, 2005-இலிருந்து 8.9 கிலோமீட்டர், வேகம் 100-தான். சீனாவில் சாங்ஷாவில் 2016-இல் ஒன்று திறந்தார்கள். அதிர்வும் சத்தமும் குறைவு என்பதால் வீடுகளுக்குப் பக்கத்திலேயே போக முடிகிறது. எல்லா இடத்திலும் நிலைத்தது என்றும் சொல்லமாட்டேன், இங்கிலாந்தில் பர்மிங்காம் விமான நிலையத்தில் 1984-இல் போட்ட 600 மீட்டர்ப் பாதையை உதிரிபாகம் கிடைக்காமல் 1995-இல் மூடிவிட்டார்கள். வேறு எவனும் செய்யாத பொருளை வாங்கினால் வரும் கஷ்டம் அது.

செந்தூல் தம்பி, ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பக்கம் ஓடும் அம்பாங் பாதையில் பார்க்காதீர்கள், அங்கே சக்கரத்தைச் சுற்றும் சாதாரண மோட்டார். மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி கெலானா ஜெயா ரயிலில் முதல் பெட்டிக்குப் போங்கள். ஓட்டுநர் கிடையாது, முன் கண்ணாடியோடு ஒட்டி நிற்கலாம்.

---

செந்தூல்வாசி எழுதியது:

போய் வந்தோம் ஐயா. பசார் செனிக்கு முன்னால் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு ஏறியதும் நடுவில் அந்தப் பட்டை பளபளவென்று தெரிந்தது, காலையில் பெய்த மழைத் தண்ணீர் அதன் மேல் திட்டுத் திட்டாக நின்றது. பங்சாரில் இறங்கி அடுத்த ரயில் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம். கிளம்பும்போது வரும் அந்த ஊளைச் சத்தம் ஏன் என்று இத்தனை வருடம் யோசித்ததே இல்லை. மகன் ஒன்று கவனித்தான், நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டை காய்ந்திருக்கிறது, தூரத்தில் ஈரமாக இருக்கிறது. அங்கே சூடாகுமா என்று கேட்கச் சொன்னான்.

---

இரவுப்பணி எழுதியது:

ஆகும். டீச்சரின் செம்புக் குழாயில் பிறந்த அதே மின்சாரம்தான் பட்டையிலும் பிறக்கிறது, அது பட்டையைச் சூடாக்கும். ரயில் நின்று கிளம்பும் இடத்தில்தான் இழுவை அதிகம், அதுவும் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால் ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஓடுகிற இடத்தில் வண்டி சட்டென்று கடந்துவிடும். நிலையத்தின் கூரை மழையை மறைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், அதையும் அவன் யோசிக்கட்டும். அடுத்த முறை கூரைக்கு வெளியே, ரயில் கிளம்பி வேகம் எடுக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் காய்ந்திருந்தால் அவன் சொன்னது சரி.